நாற்பத்திரண்டாம் எண் சட்டையும் ஒரு பின்வாசலும்

ஏப்ரல் பதினைந்தாம் தேதி நான் புதுச்சேரிக்குப் போனது பேஸ்பாலுக்காக. சிரிக்காதீர்கள். கல்லூரி சாஃப்ட்பால் அணியில், மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சராக இருந்தவள் நான். முழங்கால் போய் இருபது வருடமாகிறது, பைத்தியம் மட்டும் போகவில்லை. பேஸ்பால் வரலாற்றில் அந்தத் தேதிக்குத் தனி மரியாதை உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த அமெரிக்கப் பெரிய லீகில், 1947இல் அன்றுதான் ஒரு கறுப்பின வீரர் களமிறங்கினார். ஐம்பது வருடம் கழித்து அதே தேதியில், அவருடைய 42ஆம் எண் இனி எந்த அணியிலும் யாருக்கும் கிடையாது என்று அறிவித்தார்கள். இப்போதெல்லாம் வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அங்கே எல்லா வீரர்களும் 42 போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். இந்த ஒரே தேதியைப் பற்றி ஒயிட் டவுன் ஓட்டல் ஒன்றில் கண்காட்சி என்று விளம்பரம் பார்த்ததும் பையைத் தூக்கிவிட்டேன்.

சென்னையில் காலை ஆறு மணி பஸ். ஈ.சி.ஆர். வழியாக ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், 9.40க்கு இறங்கினேன். இட்லி, காபி முடித்து ஓட்டல் வாசலுக்குப் போகும்போது மணி 10.30. நுழைவுக் கட்டணம் முந்நூறு ரூபாய். வாசல் காவலர்கள் எல்லோருக்கும் 42 போட்ட டி-ஷர்ட். அட, பரவாயில்லையே என்று நினைத்தேன். அவர்களில் ஒருவரிடம் இரண்டு பெண்கள் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். என் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததும் நான் உள்ளே போய்விட்டேன்.

கண்காட்சி நன்றாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். பெரிய சுவர் முழுக்க ஒரு மீன்வலையை விரித்து, பழைய படங்களை அதில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். நடுவில் அந்த 1947 வீரர். கீழே, 'கதவு திறந்த நாள்' என்று பெரிய எழுத்து. வலையோடு சேர்த்து ஒரு படம் எடுத்து, 'என்ன அழகு' என்று எழுதிப் போட்டேன். அதை அப்புறம் அழித்துவிட்டேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன். ஓட்டுநர் முத்தியால்பேட்டைக்காரர். எதற்கு வந்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"படம் பாக்கவா முந்நூறு ரூவா குடுத்தீங்க? இன்னிக்கி நெசமாவே ஆடுறாங்கம்மா. என் தங்கச்சி பொண்ணு எங்க ஏரியா டீமு. நோணாங்குப்பம் தாண்டி ஒரு குப்பத்துல மேட்சு. போலாமா?"

எட்டு கிலோமீட்டருக்கு மேல், இருநூற்றைம்பது ரூபாய். மூன்று மணிக்கு மணலில் இறங்கினேன். இரண்டு பெண்கள் அணிகள் தயாராக நின்றன, ஆனால் ஆட்டம் தொடங்கவில்லை. குப்பத்து அணியின் தலைவி கலைவாணியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் ஓட்டல் வாசலில் வாதாடிய இருவரில் ஒருத்தி.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ஆட்டத்துக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். ஏன் இந்தத் தேதி என்று கேட்டேன். அமெரிக்காவெல்லாம் காரணம் இல்லை. அன்றுதான் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. விசைப்படகுகள் கரையேறும், வலையும் வீட்டுக்கு வரும். கேட்சருக்குப் பின்னால் பந்தைத் தடுக்க அந்த வலையைத்தான் கட்டுவார்கள்.

"போன வருசம் வலை கட்டாம ஆடுனோம். கருவாடு காயப்போட்டுட்டு இருந்த ஒரு அம்மா நெத்தியில பந்து பட்டுடுச்சு. வலை இல்லன்னா இங்க ஆடவே கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. திறப்பு விழாவுக்கு மட்டும்தான், பதினைஞ்சு காலையில குடுத்துடுறோம்னு அந்த ஓட்டல் கண்காட்சிக்காரங்க எங்கண்ணன்கிட்ட வாங்கிட்டுப் போனாங்கக்கா. கேக்கப் போனா உள்ளவே விடல."

எந்த வலையை நான் படமெடுத்து ரசித்தேனோ, அது இல்லாமல் பதினெட்டுப் பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள். முத்தியால்பேட்டைப் பெண்களுக்குக் கிடைத்திருப்பது அரைநாள் லீவு. ஆறரைக்கு இருட்டிவிடும். ஆட்டோவைத் திருப்பச் சொல்லி கலைவாணியை ஏற்றிக்கொண்டேன்.

3.50க்கு அதே வாசல். எனக்குக் கும்பிடு போட்ட 42, அவளைக் கையால் மறித்தது.

"மீன்கார வாசல் பின்னாடி இருக்குதும்மா. அப்படிப் போ."

அவள் கையில் மீனும் இல்லை, கூடையும் இல்லை. யாருக்குக் கதவு திறந்ததென்று கொண்டாடுகிறார்களோ, அவருடைய எண்ணை மார்பில் போட்டுக்கொண்டு பேசிய பேச்சு இது! "என்னோடு வருகிறாள்" என்று கத்தினேன். உடனே வழி கிடைத்தது. அப்படிக் கிடைத்ததுதான் இன்னும் ஆத்திரம்.

ஏற்பாட்டாளர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"ஆறு மணிக்கு முடியுது மேடம். நாளைக்கு அனுப்பிடுறோம். ஒரு வலைதானே? அவங்களுக்குத்தான் ரெண்டு மாசம் லீவாச்சே."

தடைக்காலத்தை லீவு என்கிறார்! அந்த இரண்டு மாதம் அடுப்பெரிய என்ன பாடு என்று அந்தக் குப்பத்தில் கேட்டால் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் கலைவாணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள். படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு மூலைகூட மடங்காமல் மேஜையில் அடுக்கினாள். கடைசியாக அந்த வீரரின் படம்.

"இவரு யாருக்கா?"

சொன்னேன். படத்தையும், மேலே நின்றிருந்தபடியே வாசல் பக்கமும் ஒருமுறை பார்த்தாள். பிறகு முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினாள். ஏற்பாட்டாளர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

வலை இரண்டு பேர் சுமை. முன்பக்கம் அவள், பின்பக்கம் நான். முன்வாசல் வழியாகத்தான் வெளியே வந்தோம். இந்த முறை யாரும் கை நீட்டவில்லை.

ஐந்து மணிக்கு முதல் பந்து. வெளிச்சம் இருந்தவரை நான்கு இன்னிங்ஸ்தான் முடிந்தது. முத்தியால்பேட்டை ஒரு ரன்னில் ஜெயித்தது. கேட்சர் விட்ட பந்துகளையெல்லாம் வலை பிடித்துக்கொண்டது. வலைக்கு இந்தப் பக்கம் கருவாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்த ஒரு அம்மா, குப்பத்து அணி தோற்றதற்கு எல்லோரையும் திட்டித் தீர்த்தார்.

போக நினைப்பவர்களுக்கு: தேதி ஏப்ரல் 15, மதியம் மூன்று மணிக்குள் போய்விடுங்கள். கடலூர் பஸ்ஸில் ஏறி நோணாங்குப்பத்தில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். டிக்கெட் இல்லை. நிழல் இல்லை, குடையும் தண்ணீரும் அவசியம். வலைக்குப் பின்னால் உட்காருங்கள்.

கண்காட்சிக்கும் போகலாம். உங்கள் டிக்கெட்டைக் கிழிக்கும்போது பக்கத்தில் யாரையாவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் திரும்பிப் பாருங்கள். நான் காலையில் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.