எனக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை

எனக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை ஒன்று இருந்தது. வால்ப்ரோயேட். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என்னைக் கீழே தள்ளிக்கொண்டிருந்த வலிப்பை அதுதான் கட்டிப்போட்டது. உடம்பு பெருத்தது, முடி கொட்டியது. போனால் போகிறது என்று இருந்தேன். மலைமேல் இருக்கும் பூம்பாறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, படிப்படியாக இறங்கும் பூண்டுக் காட்டில் மற்றப் பெண்களைப் போலவே விளிம்போரம் குந்தி வேலை செய்தேன். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

பிள்ளை வேண்டும் என்று மதுரைக்குப் போய்க் கேட்டபோதுதான் வினை பிடித்தது. "இந்த மாத்திரையோட கர்ப்பம் ஆகக் கூடாதும்மா. பிள்ளையோட மூளையும் முதுகுத்தண்டும் பாதிக்கலாம்" என்றார் டாக்டர். முதலில் மாற்றிக் கொடுத்தது உடம்பெல்லாம் தடிப்பைக் கிளப்பியது. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். அடுத்துக் கொடுத்தது என்னையே மாற்றிவிட்டது.

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த மாத்திரைக்குப் பிறகு அது இறங்கவே இல்லை. சோற்றில் கல் கிடந்தால் தட்டு பறந்தது. எது என் கோபம், எது மாத்திரையின் கோபம் என்று எனக்கே பிடிபடவில்லை. டாக்டரிடம் சொன்னேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள், சிலருக்குப் பழகிவிடும் என்றார்.

எங்கள் பக்கத்தில் பூண்டு ஊன்றக் கூலிக்கு ஆள் தேட மாட்டோம். இன்று நான் உன் காட்டுக்கு, நாளை நீ என் காட்டுக்கு. அப்படிப் பக்கத்துக் காட்டுக்குப் போயிருந்தபோது அந்தக் காட்டுக்கார அக்கா, "இம்புட்டு ஆழமா ஊன்றியே, மொளைக்குமாத்தா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். கையிலிருந்த விதைப் பூண்டை அவர் முகத்தில் விட்டெறிந்து, வாயில் வரக் கூடாததையெல்லாம் பேசினேன். எங்கள் காட்டின் முறை வந்தபோது ஒருத்தியும் வரவில்லை.

என் கணவரும் நானும் மட்டும் ஊன்றினோம். அவர் மேல் படியில், நான் கீழ்ப் படியில். குனிந்தது நினைவிருக்கிறது. கண் திறந்தபோது அதற்கும் கீழே கிடந்தேன். வலிப்பு வந்து உருண்டிருக்கிறேன். தோள் எலும்பு முறிந்திருந்தது. பக்கத்தில் ஒருத்தி இருந்திருந்தால் சேலையையாவது பிடித்து இழுத்திருப்பாள்.

மறுபடியும் மதுரை. "இதையே அளவு கூட்டிப் பார்க்கலாம். இல்லைன்னா பழைய மாத்திரைக்கே போயிறலாம், ஆனா பிள்ளை ஆசையை விட்டுறணும். எதுன்னு நீங்கதாம்மா சொல்லணும்" என்றார் டாக்டர். எது வேண்டும் என்று கேட்பதற்கு இது என்ன சேலைக் கடையா? அளவு கூடினால் கோபமும் கூடும். என்னைச் சகித்துக்கொண்டு இருந்த ஒரே ஆள் பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை கெடக்கட்டும் விடு. நீ விழாம இருந்தாப் போதும்" என்றார் என் கணவர். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அளவைக் கூட்டச் சொல்லியிருப்பேன். பழையதையே எழுதிக் கொடுங்கள் என்றேன்.

அது இப்போதும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. வலிப்பு இல்லை, சண்டை இல்லை. அக்காவும் எங்கள் காட்டுக்கு வருகிறார். போன நடவின்போது மகள் வயிற்றுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "தூங்குறாத்தா" என்று சொல்லிப் பிள்ளையைத் தோளோடு அணைத்துக்கொண்டார். குழந்தை கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.