ஒரு கொட்டாங்கச்சி மணல்

எனக்கு விவரம் தெரிந்து பெரியப்பாவின் புல்லட்டைப் பார்த்தபோது அதன்மேல் சுரைக்கொடி படர்ந்திருந்தது. அதில் காய்த்த காயைப் பெரியம்மா யாருக்கும் தரமாட்டாள், சமைக்கவும் மாட்டாள். முற்றிக் காய்ந்து, உள்ளே விதை குலுங்கும்வரை அது பாட்டுக்குத் தொங்கும். கொடி ஏறுவதற்காகவே யாரோ இரும்பில் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்றுதான் வெகுநாள் வரை நினைத்திருந்தேன். நான் அவ்வளவு கெட்டிக்காரி.

பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம் பிறந்தவள் நான். அவர் கிளிஞ்சல்மேட்டில் ஃபைபர் போட்டுகளுக்கு மெக்கானிக்காக இருந்தார். ஒரு பழைய புல்லட்டை வாங்கி, அதன் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, கழித்துப்போட்ட போட் ஒன்றின் டீசல் இன்ஜினை அந்த இடத்தில் வைத்துக்கொண்டார். வேகம் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. சத்தம்தான். டொக்கு டொக்கு என்று உரல் இடிக்கிற மாதிரி, இரண்டு தெரு தள்ளி வரும்போதே கேட்குமாம். கேட்ட உடனே பெரியம்மா அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு ஓடிப்போய், வாசல் கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்து வைப்பாள். வண்டியின் பக்கவாட்டில் ஸ்பேனர் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும், ஒற்றைக் கதவில் நுழையாது. கடலில் ஓட வேண்டியதை ரோட்டில் ஓட்டுகிறான், கடல் சும்மா விடாது என்று ஊரில் சிலர் அப்போதே சொன்னார்களாம். அலை வந்து போன பிறகு அவர்கள் அதைத் திரும்பச் சொல்லவில்லை. சொல்ல அவர்களிலும் பாதிப் பேர் இல்லை.

அலை வந்தபோது பெரியப்பா கரையில் போட் வேலையில் இருந்தார். வண்டி வீட்டு வாசலில் நின்றது. மூன்றாம் நாள் சவுக்குத் தோப்பில் வண்டி கிடைத்தது. ஹேண்டில்பார் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்ததாம். பெரியப்பா கிடைக்கவில்லை.

அதனால் பெரியம்மா தாலியைக் கழற்றவில்லை. பொட்டு, பூ எல்லாம் இருந்தது. கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு நாங்கள் எல்லோரும் வந்த பிறகும், அவள் வீட்டுக்கு மட்டும் இரட்டைக் கதவு கேட்டுதான் வேண்டும் என்று போட்டுக்கொண்டாள். தினப்படிப் புழக்கத்துக்கு ஒரு கதவைத்தான் திறப்பாள். கடற்கரைப் பக்கம் மட்டும் அதன் பிறகு அவள் கால் வைத்ததே இல்லை. ஆட்டோவில் போகும்போது கடல் தெரிகிற இடம் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

வருஷா வருஷம் அந்த நாள் வரும்போது அத்தை ஆரம்பிப்பாள். "இன்னும் எத்தனி வருஷத்துக்கு அண்ணி இப்புடியே இருப்பீங்க? காரியத்த முடிச்சிட்டா அண்ணனுக்கும் ஒரு நிம்மதி இல்லியா?" ஒரு வருஷம் பெரியம்மா கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்த வண்டி கெளம்பட்டும். அந்தச் சத்தத்தக் கேட்டும் அவங்க வாசலுக்கு வரலேன்னா, நீங்க சொல்றபடி நான் கேக்கறேன்."

சுரைக்கொடி மூடிய இரும்பு எங்கே கிளம்பப்போகிறது என்ற தைரியத்தில் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த இடத்தில் என் சித்தப்பா இருந்தார். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற மெஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. பிடித்தால் பிடித்ததுதான் என்கிற ஆள். தாயில்லாத அவரைச் சோறூட்டி வளர்த்தவள் பெரியம்மா. அண்ணி இப்படிக் கேட்டைப் பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடக் கூடாது என்று அவருக்கு ஒரே வேதனை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு வந்து சுரைக்கொடியை வெட்டி, வண்டிக்கு மேலே கதவில்லாத ஒரு தகர ஷெட் போட்டார். பெரியம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

"கெளம்புச்சுன்னா மொத ரவுண்டு ஒனக்குத்தான். மாங்கனித் திருவிழாவுக்கு இதுலதான் போறோம்" என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். அப்புறம் எனக்கு வேறு யோசனையே இல்லை.

இன்ஜினைத் திறந்தபோது உள்ளே மண் சிமென்ட் மாதிரி இறுகிப்போயிருந்தது. ஒரு நண்டு ஓடு, முழுசாக, கால் மடக்கியபடி வந்தது. பிஸ்டன் அசைய மறுத்தது. இரண்டு வாரம் டீசலில் ஊறப்போட்டுக் கட்டையால் தட்டி எடுத்தார். லேத்துக்குக் கொண்டுபோய்ச் சிலிண்டரைக் கடைந்து, புது ரிங், புது பேரிங் போட்டு, எண்ணெய் ஊற்றி மூடுவதற்குள் ஒரு மாங்கனி போய்விட்டது. நாளைக்கு உதைத்துப் பார்க்கலாம் என்று நிறுத்தினார். மறுநாள் உதைத்தார். உள்ளே நற நற என்றது. பல்லில் மண் கடிபட்டது போல எனக்குக் கூசியது. திறந்து பார்த்தால், புது எண்ணெயின் அடியில் ஒரு கை மணல்.

"எங்கியாவது இண்டு இடுக்குல இருந்துருக்கும்" என்று சித்தப்பா சிரித்தார்.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தார். எண்ணெய் போகிற ஓட்டைகளில் கம்பி விட்டுக் குடைந்து, பஞ்சர் கடையில் காற்றடித்து ஊதி, வெள்ளைத் துணியால் துடைத்துத் துணியை எனக்குக் காட்டினார். ஒரு பொட்டு இல்லை. பல மாதம் கழித்து மூடினார், மறுநாள் உதைத்தார், மறுபடி நற நற. இந்தத் தடவை மணல் ஈரமாக இருந்தது. ஊதா நிறத்தில் கிளிஞ்சல் துணுக்குகூட இருந்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களைக் கிண்டல் செய்தே பழக்கப்பட்டவர், அன்று மாலை தானே ஒரு பழம் வாங்கி வந்து ஹேண்டில்பாரில் கட்டினார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெரியப்பாதான் கொண்டுவந்து போடுகிறார். யாரும் இல்லாத ஒரு மத்தியானம், ஷெட்டுக்குள் போய் இன்ஜினில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ மெல்லச் சரிந்தது, முறத்தில் அரிசி நகர்கிற சத்தம். அதன் பிறகு அந்தப் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓடுவேன். இரண்டு தடவை அப்படி ஓடித் துணி காயப்போட்ட கம்பத்தில் மோதியிருக்கிறேன்.

இதற்கிடையில் எனக்கு ஒரு வேலையும் இருந்தது. சனிக்கிழமைகளில் பெரியம்மா ஒரு கொட்டாங்கச்சியைக் கொடுத்து, பித்தளைக் குடம் தேய்க்கக் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வரச்சொல்வாள். "காஞ்ச மணல் வேணாம் புள்ள. அலை தொட்ட எடத்துல அள்ளு" என்பாள். கூலி ஒரு கடலை மிட்டாய். அந்தக் குடம் பளபளத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கொட்டாங்கச்சி அடுத்த வாரம் என் கைக்கு வரும்போது சில சமயம் விளிம்பில் கறுப்பாக எண்ணெய் விரல் பதிந்திருக்கும். சித்தப்பா எதற்கோ எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் தடவை சித்தப்பா ஷெட்டுக்கே கதவு வைத்துப் பூட்டினார். சாவியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரியம்மாவிடம் கொடுத்தார். பூட்டிய ஷெட்டுக்குள் இருந்த இன்ஜினிலும் மணல் வந்தபோது, அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் அப்பா வந்து பார்த்துவிட்டு, வேண்டாம், விட்டுவிடு என்றார்.

"இன்னும் ஒரே ஒரு தடவண்ணே. இதுலயும் மண்ணு வந்துச்சுன்னா வண்டிய போட்டுல ஏத்திக் கொண்டுபோய்க் கடல்லயே விட்டுடறேன். பெரியண்ணன்தான் கேக்குது போல" என்றார் சித்தப்பா. பெரியம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாம் தடவை இன்ஜினை மூடியது ஒரு சனிக்கிழமை காலை. மறுநாள் உதைப்பதாகப் பேச்சு. பெரியம்மா வழக்கம்போல் கொட்டாங்கச்சியைக் கொடுத்தாள். நானும் கிளம்பினேன். சவுக்குத் தோப்பு வந்தது. வண்டி புதைந்து கிடந்த இடம் இதுதான் என்று எப்போதோ சித்தப்பா காட்டியிருந்தார். நூறு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், அன்று கால் வரவில்லை. காற்று இல்லாமலே மரங்கள் இரைந்த மாதிரி இருந்தது. மணலை அள்ளும்போது கடல் பக்கத்திலிருந்து ஒரு கையும் அள்ளுமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான், திரும்பி ஓடி வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமாக உட்கார்ந்து நேரத்தைப் போக்கிவிட்டு, வெறும் கொட்டாங்கச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

பயந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கம். மிட்டாய் போய்விடுமே என்ற கவலை வேறு. "அள்ளவே முடியல பெரியம்மா. கிட்ட போனா அலை வந்து வந்து தள்ளுது. கடல் குடுக்கவே மாட்டேங்குது" என்றேன்.

"குடுக்க மாட்டேங்குதா?"

"ஆமா."

"நெசமாவா புள்ள? குடுக்கலியா?"

நான் தலையாட்டினேன். பெரியம்மா கொட்டாங்கச்சியை வாங்கி உள்பக்கத்தை விரலால் துடைத்தாள். கொல்லையில் கூடை கூடையாக மண் கிடந்தது, அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மிட்டாய் டப்பாவையே எடுத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் பூக்காரியைக் கூப்பிட்டு இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டாள். கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறீர்கள் என்று நான் சொன்னதற்குச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி வெயிலில் சித்தப்பா உதைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது உதைக்கு இன்ஜின் ஒரு தடவை இருமியது. பிறகு டொக்கு, டொக்கு, டொக்கு என்று பிடித்துக்கொண்டது. நான் அதுவரை கேட்டிராத சத்தம். ஆனால் தெருவுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் ஒருவராக வெளியே வந்து நின்றார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் ஊசியும் கையுமாக எழுந்து நின்றார். எல்லோரும் ஷெட்டைப் பார்க்காமல் தெருமுனையைப் பார்த்தார்கள்.

பெரியம்மா நடந்து போய் கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்தாள். அப்படியே தெருமுனையைப் பார்த்தபடி நின்றாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சித்தப்பாவுக்குக் கை வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்குக் கால் வலித்தது. பிறகு அவள் திரும்பி, "புள்ளைய ஏத்திக்கிட்டுப் போயிட்டு வா தம்பி" என்றாள்.

போனோம். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கையாட்டினேன். திரும்பித் தெருமுனைக்கு வந்தபோது, இப்போது பெரியம்மா ஓடிவந்து திறப்பாள் பார் என்று எட்டிப் பார்த்தேன். கேட்டில் ஒரு கதவு மூடியிருந்தது. சித்தப்பா வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். யாரும் வரவில்லை. அணைத்தார். ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். வண்டிதான் கிளம்பிவிட்டதே, எதற்கு அழுகிறார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உள்ளே பெரியம்மா தலை முழுகிவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. பூ இல்லை. என் முதல் ரவுண்டுக்குக் கேட்டைத் திறக்கவில்லையே என்று அன்று முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன்.

கொட்டாங்கச்சியின் விளிம்பில் இருந்த அந்தக் கறுப்பு விரல் யாருடையது என்று எனக்கு உறைத்தது காலேஜ் போன பிறகுதான். ஒருநாள் அத்தை ஏதோ பேச்சில் சொன்னாள். எப்படி அண்ணி திடீர்னு மனசு வந்துச்சு என்று கேட்டதற்கு, "கடலே குடுக்க மாட்டேன்னுடுச்சு, அப்பறம் நான் யாரப் போயி கேக்கறது" என்றாளாம் பெரியம்மா. கடல் குடுக்கவில்லை என்று அவளிடம் சொன்னவள் நான்தான்.

பெரியம்மா நன்றாக இருக்கிறாள். சித்தப்பா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்கிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் கடலை மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை கடல் குளம் மாதிரிகூடக் கிடந்திருக்கலாம். நான் போய்ப் பார்க்கவே இல்லை. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.