சின்னையாவின் சாக்கு

வெற்றிலை விற்கிற சின்னையாவைப் போலக் கேள்வி கேட்கிற ஆளை நான் பார்த்ததில்லை. மழை ஏன் சாயங்காலமாப் பார்த்து வருது, டிராம் ஏன் மணி அடிக்குது என்று எதையாவது குடைந்துகொண்டே இருப்பார். பக்கத்துக் கடையில் தேங்காய் விற்ற என் காதுதான் புண்ணாகும்.

பினாங்கில் தெருவோரம் விற்ற எங்களையெல்லாம் முனிசிபாலிட்டிக்காரர்கள் பாசார் என்கிற புதுச் சந்தைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்த 1927ஆம் வருஷம் அது. அதற்கு முன் பதினோரு வருஷம் குடைக்கடியில் விற்றவர் சின்னையா. புதுக் கட்டடத்தை ஒரு நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தார். உயரமான கூரை, அதன் உச்சியில் இன்னொரு குட்டிக் கூரை, இரண்டுக்கும் நடுவே இடைவெளி.

“கூரைக்கு எதுக்குத் தம்பி தொப்பி?” என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்?

பின்சுவரில் இடுப்பு உயரத்தில் வரிசையாகத் துவாரங்கள் இருந்தன. அதைப் பார்த்து மட்டும் அவருக்குக் கேள்வி வரவில்லை, கோபம் வந்தது. காற்றுப் பட்டால் வெற்றிலை காய்ந்துவிடும் என்பது தெருவில் அவர் கண்ட பாடம். முதல் நாளே சாக்குகளை ஆணியடித்துத் துவாரங்களை மூடினார். அனுபவஸ்தர் செய்கிறாரே என்று நானும் மூடினேன். ஒரே வாரத்தில் எங்கள் வரிசை முழுக்கச் சாக்கு தொங்கியது.

பிறகு புழுக்கம் ஆளைக் கொன்றது. தெருவில் நாலு நாள் தாங்கிய இலை இங்கே மறுநாளே கறுத்து அழுகியது. கட்டுக் கட்டாக, கவுளி கவுளியாகக் கொட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மூன்று வாரம் பொறுத்தார். பிறகு, ‘இதைக் கட்டினவனுக்கு மூளையில்லை, உள்ளே காற்றில்லை, எனக்குக் கடை வேண்டாம்’ என்று மனு எழுதி வாங்கி, பாசார் கணக்கு எழுதுகிற கிராணி திருநாவுக்கரசிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வந்து கைநாட்டு வாங்கிக்கொள்வதாகக் கிராணி சொன்னார். வைத்தால் கடை போச்சு. தெருவிலும் இனி விற்க விடமாட்டார்கள். தெரிந்தேதான் கொடுத்தார், மனுஷனுக்கு அவ்வளவு ரோஷம்.

வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போலச் சாம்பிராணி போட்டார். புகை எங்கள் தலைக்கு மேலேயே சுருண்டு நின்றது. அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தவர், சட்டியைத் தூக்கிக்கொண்டு மீன்கடைப் பக்கம் நடந்தார். அங்கே புகை விறுவிறுவென்று ஏறி, தொப்பிக் கூரையின் இடைவெளி வழியாக வெளியே போனது. திரும்பி வந்தார், நின்றது. மறுபடி போனார், ஏறியது. பூஜைக்குத்தான் சுற்றுகிறார் என்று ஆளாளுக்குப் புகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மசாலைக்கடை முகம்மது கனிகூட, “நம்ம கடைக்கும் காட்டுங்கண்ணே” என்றார்.

“மீன்கடைச் சுவத்துல சாக்கு இல்லை லா!” என்று கத்தினார் சின்னையா. ஓடிவந்து தன் சாக்கைப் பிய்த்தார். கடல்காற்று குப்பென்று உள்ளே வந்தது. நின்ற புகை மேலே ஓடியது.

“கீழே காத்து நுழையுது, மேலே சூடு போவுது. தொப்பி அதுக்குத்தான் தம்பி!”

குழந்தை மாதிரி சிரித்தார். அப்போது மனுவோடு கிராணி வந்து நின்றார். ‘காற்றில்லை’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார், சின்னையாவின் கையைப் பார்த்தார்.

“என்னண்ணே இது?”

“சாக்குங்க.”

“நல்ல சாக்குதான்!”

வரிசையே சிரித்தது. சின்னையா சிரிக்கவில்லை. அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

“நான்தாங்க முதல்ல மாட்டுனேன். மூளையில்லாதவன்னு எழுதின இடத்துல என் பேரைப் போட்டுக்குங்க. கடையை மட்டும் எடுத்துராதீங்க.”

கிராணி கைநாட்டு வாங்காமலே மனுவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

சின்னையா சாக்கை நனைத்து வெற்றிலைக் கூடைமேல் போர்த்தினார். பிறகு ஒவ்வொரு கடையாகப் போய்த் தன் கையாலேயே ஆணி பிடுங்கினார். என் கடைக்கு வந்ததும் நின்றார்.

“ஏன் தம்பி, தேங்காய்க்கு எதுக்குச் சாக்கு?”

நீங்க மாட்டினீங்களே என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் சாக்குதான் என்று மூடிக்கொண்டேன்.