இடது பின்சக்கரம்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ரிவர்ஸ் கியர் போட்டால் காதில் மணிச்சத்தம் கேட்கும். பெரிய மணி இல்லை, குட்டி நாயின் கழுத்தில் கட்டுகிற சுண்டுவிரல் நகம் அளவு மணி. வண்டி முன்னால் போகும்போது ஒன்றும் கிடையாது. பின்னால் நகர ஆரம்பித்ததும், இடது பக்கம், ஒரே ஒரு தடவை. பக்கத்தில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வியர்த்துக்கொட்டும் ஆளுக்கு அது கேட்காது. மாஸ்டர் மட்டும் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதிப்பார்.

"என்ன சார், என்ன தப்புப் பண்ணேன்?"

"ஒண்ணும் இல்ல. சும்மா செக் பண்ணேன்."

இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்த மனுஷன். அவரிடம் படித்தவர்கள் சுவரில் கீறல் படாமல் சந்துக்குள் வேனை விடுவார்கள். அவரோ ஏழு மாதமாகத் தன் வீட்டு கேட்டுக்குள் காரை ஏற்றுவதில்லை. தெருவிலேயே நிறுத்திவிட்டு, கேட் கீல் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீலுக்கு ஒரு கேடும் இல்லை.

மணி பட்டாணியுடையது. பட்டாணி, செருப்புக்குள் உட்காரும் அளவுக்கு இருந்த வெள்ளைப் பொட்டை நாய். வீட்டில் அதற்கு முன்பே கிரேட் டேன் ஜாதி நாய் ஒன்று இருந்தது. நின்றால் தலை மேசைக்கு மேலே வரும். எடை ஒரு ஆளுக்குக் கொஞ்சமும் குறையாது. யார் எங்கே வேலை செய்தாலும் அங்கே போய்ப் படுத்துக்கொண்டு மேற்பார்வை பார்க்கும், தான் ஒரு துரும்பையும் நகர்த்தாது. அதனால் மாஸ்டரின் மனைவி அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தாள். வீட்டின் பின்னறையில் திரைச்சீலை தைப்பது அவள் தொழில். நாள் முழுக்க அவள் தைப்பாள், மேனேஜர் பார்க்கும், பட்டாணி மேனேஜரின் முன்னங்கால்களுக்கு நடுவில் தூங்கும்.

அன்றைக்கு மத்தியானம் மாஸ்டர் பசியோடு வந்தார். வழக்கம்போல் காரைத் திருப்பி, பின்பக்கமாகவே கேட்டுக்குள் விட்டார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி கண்ணாடி என்று கத்துகிறவர், தன் வீடு தானே என்று விட்டுவிட்டார். மணி ஒரு தடவை கேட்டது. இடது பின்சக்கரம் லேசாக ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

அவர் இறங்குவதற்குள் மேனேஜர் வந்துவிட்டது. பட்டாணியை முகர்ந்தது, மூக்கால் புரட்டியது. பிறகு முட்டையை எடுப்பதுபோல் வாயில் மெல்லத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடியது. வீட்டில் எது கிழிந்தாலும் சரிசெய்கிறவள் அங்கேதானே இருக்கிறாள். அவள் காலடியில் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. அவள் பார்த்தது ரத்தம் வழியும் வாயை.

மாஸ்டர் வாசற்படிக்கு வந்தபோது அவள் துணி அளக்கும் மர ஸ்கேலை எடுத்து மேனேஜரை அடித்துக்கொண்டிருந்தாள். எறும்பைக்கூட விலக்கிவிட்டு நடக்கிறவள், ஸ்கேல் இரண்டாக உடையும் வரை அடித்தாள். மேனேஜர் ஓடவில்லை, உறுமவில்லை. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு மூத்திரம் போனது.

"பாவி, கொன்னுட்டான்! நம்பி விட்டேனே!" என்று அலறினாள்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். நான்தான் என்ற ஒரு சொல், அது வரவில்லை. இந்த அழுகை அடங்கட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அழுகை அடங்கச் சாயங்காலமானது. சாயங்காலம் அவள் களைத்துத் தூங்கிவிட்டாள். மறுநாள் அவரே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தபோது, அந்தச் சொல் ஒரு நாள் பழசாகி இருந்தது. அப்புறம் ஒரு வாரம், அப்புறம் ஒரு மாதம். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுகிற ஆட்களுக்கு நேரம் என்ன, கதவைத் தட்டிக்கொண்டா வரும்?

புதைக்குமுன் மாஸ்டர் கழற்றிக் கொடுத்த பட்டாணியின் மணியை அவள் பொத்தான் டப்பாவில் போட்டாள். திரைச்சீலைக்கு வைக்கும் கெட்டிப் பட்டையை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, மேனேஜருக்கு ஒரு வாய்ப்பூட்டு தைத்தாள். வெளியே அழைத்துப்போகும்போதும் யாராவது வீட்டுக்கு வரும்போதும் அதை மாட்டுவாள். மற்ற நேரம் முற்றத்தில் சங்கிலி. பின்னறைக்குள் அதற்கு இடமில்லை என்றாகிவிட்டது.

மேனேஜருக்குக் கோபமே இல்லை. மாஸ்டரைத் தண்டிக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. வாய்ப்பூட்டோடு நடக்கப் போகும்போது தெருவில் நிற்கும் காரிடம் இழுத்துக்கொண்டு போகும். இடது பின்சக்கரத்தை முகரும். எத்தனை மழை பெய்து கழுவியிருக்கும், எத்தனை தெரு சுற்றியிருக்கும், ஆனாலும் முகரும். முகர்ந்துவிட்டு அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு அவரைப் பார்க்கும்.

"பாருங்க, செஞ்ச பாவம் உறுத்துது அவனுக்கு," என்பாள் மனைவி. மாஸ்டர் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார்.

ஏழாவது மாதம் மேனேஜர் சாப்பாட்டை விட்டது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. "இந்த ஜாதிக்கு ஆயுசே எட்டு, ஒம்பது வருஷம்தான். இவனுக்கு இப்பவே அஞ்சு. தனியா விட்டீங்கன்னா இந்த வருஷத்தத் தாண்ட மாட்டான். துணைக்கு இன்னொண்ணு பாருங்க. குட்டி வேண்டாம், இவன் கால் பட்டாலே போச்சு. ஆண் வேண்டாம். கொஞ்சம் வயசான, நிதானமான பொட்டையா, ஓரளவு உயரமா பாருங்க," என்றார்.

கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கும் காப்பகம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பின்சீட்டு முழுக்க மேனேஜரைப் படுக்கப்போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

"அங்க போய் பழைய கதையெல்லாம் எடுக்காத," என்றார் மாஸ்டர்.

"எது?"

"பட்டாணி விஷயம். கேட்டாங்கன்னா, நோவு வந்து போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"இன்னொரு உயிரக் கூட்டிட்டு வரப் போறோம். அதுலயும் பொய் சொல்லணுமாங்க? என்னால ஆகாது."

மாஸ்டர் அதற்கப்புறம் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார்.

காப்பகத்தை நடத்துகிற அம்மாள் ஒல்லியாக, கையெல்லாம் பல் தழும்போடு, எதற்கும் அசராதவளாக இருந்தாள். சட்டைப் பையில் பிஸ்கட், கழுத்தில் விசில். மேனேஜரைப் பார்த்ததும் "அடேயப்பா, குதிரைய இல்ல ஓட்டிட்டு வந்திருக்கீங்க!" என்று சிரித்தாள். முதலில் வயதில் மூத்த ஒரு தவிட்டு நிற நாயைக் கொண்டுவந்தாள். பொட்டை, மேனேஜரின் தோள் உயரம், பின்னங்கால் ஒன்று சற்றுக் கோணல். வீட்டுக்குள் கொண்டுபோய் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாதாம். இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், பத்தடி தள்ளி, ஒரே திசையில் நடத்திக்கொண்டு போக வேண்டுமாம். மைதானத்தில் அப்படியே நடந்தார்கள். முதல் சுற்றில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது சுற்றில் கோணல்கால்காரி தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள். ஐந்தாவது சுற்றில் மேனேஜர் அவள் கோணல் நடைக்குத் தன் நடையை மெதுவாக்கிக்கொண்டது. ஏழு மாதமாகத் தொங்கிக்கிடந்த வால் ஒரு தடவை அசைந்தது. மனைவி மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். "இதுக்கு முன்னாடி வேற நாய் இருந்துச்சா? எப்படிப் போச்சு?"

"இருந்துச்சு. சின்னது," என்றாள் மனைவி. "இவன்தான் கொன்னுட்டான்."

பேனா நின்றது. அந்த நேரம் பார்த்து அலுவலக அறைக் கதவிடுக்கு வழியாகக் குட்டையான ஒரு பொடி நாய் வெளியே ஓடிவந்தது. மேனேஜரைப் பார்த்துக் குரைத்தது. அந்தக் குதிரை உடம்பு அப்படியே தரையில் சரிந்தது. வாய்ப்பூட்டுக்குள் முனகியது. கால்களுக்கிடையில் ஈரம் பரவியது. மேனேஜர் பார்த்தது பொடி நாயைக்கூட அல்ல, மாஸ்டரின் மனைவியின் கைகளை.

அந்த அம்மாள் பொடி நாயை வாரி எடுத்துக்கொண்டாள். "இவன் கடிச்சதுக்குப் பல் தடம் இருந்துச்சா?"

"நான் பாக்கல. இவர்தான் எடுத்துட்டுப் போய்ப் புதைச்சாரு."

"சின்ன நாயப் பாத்து இப்படி பயப்படற பெரிய நாய நான் பாத்தது இல்ல. ஆனா ஒரு உயிரக் கொன்ன நாய்னு நீங்களே சொல்றீங்க. அதுக்கு மேல நான் எதுவும் தர முடியாது. மனசு கேட்டாலும் தர முடியாது. மன்னிச்சுக்கங்கம்மா." படிவத்தை மடித்தாள். கோணல்கால்காரியின் கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேனேஜர் தரையில் கிடந்தபடியே, போகிற நாயைப் பார்த்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த ஜீவன் சங்கிலியிலேயே செத்துப்போகும், அதுவும் தன் பேரில் இல்லாத பழியோடு.

"அவன் இல்ல," என்றார். "நான்தான்."

இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"ரிவர்ஸ்ல வந்தேன். கண்ணாடியப் பாக்கல. இடது பின்சக்கரம். அவன் அதத் தூக்கிட்டு உன்கிட்ட ஓடி வந்தான். நீ காப்பாத்துவன்னு."

மைதானத்தில் எங்கோ ஒரு நாய் தண்ணீர்க் குவளையை உருட்டிக்கொண்டிருந்தது. மனைவி கைப்பையைத் திறந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். மேனேஜர் அருகே மண்டியிட்டாள். அவள் கை கிட்டே வந்ததும் அது கண்ணை இறுக மூடிக்கொண்டது. பின் பக்கம் கொக்கி இருந்தது, அதை விட்டுவிட்டு அவள் தையலையே வெட்டினாள். தான் போட்ட இரட்டைத் தையல் லேசில் விடவில்லை. வெட்டி முடிந்ததும் மேனேஜர் கண்ணைத் திறந்து, அவள் விரல்களை நக்கியது.

அப்போதுதான் அழுதாள். "ஸ்கேல் உடையற வரைக்கும் அடிச்சேன். வாசப்படியில நின்னு பாத்துட்டிருந்தீங்க. என்கிட்ட உதவின்னு வந்தவன என் கையாலேயே அடிக்க வெச்சிட்டீங்களே!"

மாஸ்டர் குனிந்து, வெட்டி விழுந்த பட்டையைப் பொறுக்கி அவள் கைப்பையில் போட்டார்.

அந்த அம்மாள் படிவத்தை மறுபடி பிரித்தாள். இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், சாப்பாட்டுத் தட்டைத் தனித்தனியாக வையுங்கள், நானே வந்து பார்ப்பேன் என்றாள். மாஸ்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். "நாய்ங்கள நடத்தும்போது கயிறு உங்க வீட்டம்மா கையில இருக்கட்டும்."

திரும்பும்போது மனைவி பின்சீட்டில் மேனேஜரின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கோணல்கால்காரி முன்சீட்டில், மாஸ்டர் தினமும் உட்காருகிற இடத்தில், இரட்டை பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள்.

வீட்டு வாசலில் மனைவி இறங்கிக் கேட்டை இரண்டு பக்கமும் திறந்தாள். கீல் கொஞ்சம்கூடச் சத்தம் போடவில்லை. உள்ளே போய்ப் பொத்தான் டப்பாவோடு வந்தாள். வாய்ப்பூட்டிலிருந்து வெட்டிய பட்டையில் மணியைக் கோர்த்து, கியர் தண்டில் முடிச்சுப் போட்டாள். தைக்கிறவள் போட்ட முடிச்சு, அவிழாது. பிறகு இரண்டு நாய்களையும் இறக்கிக் கொண்டுபோய், காருக்குப் பின்னால், முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டாள்.

"வாங்க," என்றாள். "ரிவர்ஸ்லயே வாங்க."

"நகந்துக்கம்மா."

"நான் நகர மாட்டேன். பாத்து வாங்க."

கண்ணாடியில் மூன்று பேரும் தெரிந்தார்கள். கியரைத் தள்ளினார். மணி அடித்தது. கிளட்ச்சை விட்டு, விரல் விரலாகப் பின்னால் வந்தார். கேட்டிலிருந்து முற்றத்துக்குப் பதினைந்தடி. அவர் வாழ்க்கையில் ஓட்டிய மிக நீளமான சாலை அதுதான்.

மேனேஜர் இப்போது சாப்பிடுகிறது. சங்கிலி பழைய சாமானோடு போய்விட்டது. பின்னறையில் மேற்பார்வைக்கு இரண்டு பேர். ஆனால் மனைவி நீளமாக எதையாவது கையில் எடுத்தால், அது விளக்குமாறாக இருந்தாலும், மேனேஜர் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அவள் துணியை நாடாவால்தான் அளக்கிறாள். சாயங்காலம் கார் உள்ளே வந்ததும் மேனேஜர் இடது பின்சக்கரத்தருகே போய்ப் படுப்பதும் நிற்கவில்லை. கோணல்கால்காரியும் கூடப் படுத்துக்கொள்கிறாள். மனைவி மாஸ்டருக்குச் சோறு போடுகிறாள், பேசுகிறாள். 'என்னங்க' என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

மணி கியரிலேயே இருக்கிறது. நிஜ மணி அடித்தால் காதுக்குள் அடிப்பது நின்றுவிடும் என்று மாஸ்டர் நம்பியிருந்தார். நிற்கவில்லை. முதலில் இது, ஒரு நொடி கழித்து இடது பக்கம் அது. ரிவர்ஸ் பாடம் தொடங்கும் நாளில் ஒவ்வொருவரும், "இது என்ன சார் மணி?" என்று கேட்கத்தான் செய்வார்கள். அவரும் ஒன்று விடாமல் சொல்வார், ஸ்கேல் உடைந்தது வரை.

போன வாரம் ஐம்பது வயதுக்கு மேல் வண்டி கற்றுக்கொள்ள வந்த ஒரு நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கியரில் கையை வைத்தபடி, "அந்தப் பெரிய நாய் உங்கள மன்னிச்சிடுச்சா சார்?" என்றாள்.

மாஸ்டர் கண்ணாடியை அவள் உயரத்துக்குத் திருப்பி வைத்தார்.

"அவனுக்குக் கோபமே வரலம்மா. ஒரு தடவையாவது என்னைக் கடிச்சிருக்கலாம். சரி, பின்னாடி பாருங்க. மெதுவா வாங்க."