யாரும் தொடாத சிவப்புப் பொத்தான்

கிருத்திகாவுக்கு உட்காரத் தெரியாது. முப்பது வயதாகியும் இன்னும் தெரியாது. சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம்தான் நிற்பாள். போன் பேச ஆரம்பித்தால் அறையின் நான்கு மூலையையும் அளந்துவிடுவாள். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி அவளைச் சில வருஷம் நாற்காலியில் கட்டிப்போட்டுப் பார்த்தது. ஒருநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேல்சித்தாமூருக்கே வந்து சேர்ந்துவிட்டாள்.

அவள் அப்பா மகாவீரன் நயினார் அப்போது களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். மகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், "சாப்டியா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஊர்தான் கேட்டது, ஊருக்கு வேறு என்ன வேலை?

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே அறை பிடித்து கிருத்திகா ஒரு ஆப் செய்தாள். பேரும் 'கடைத்தெரு'தான். எந்தக் கடையில் எந்தச் சரக்கு இருக்கிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். சுற்றுப்பட்டு கிராமத்து ஆட்கள் அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம், அவ்வளவுதான் விஷயம். விதை, உரம் விற்கும் சிங்காரவேலு முதலில் சேர்ந்தார். அவர் சேர்ந்ததைப் பார்த்து மற்ற கடைக்காரர்களும் சேர்ந்தார்கள். சிங்கவரத்திலிருந்து உண்ணாமலை என்கிற பெண் முதல் ஆளாகத் தன் போனில் அதை ஏற்றிக்கொண்டு, தன் மகளிர் குழு முழுக்க ஏற்றவைத்தாள்.

ஊர் நம்புகிற வரைக்கும்தான் இந்த மாதிரி ஆப்புக்கு உயிர். ஒரு தடவை ஏமாந்தால் அழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அழித்தால் கிருத்திகாவுக்கு மறுபடியும் சென்னை, மறுபடியும் அந்த நாற்காலி. இதை நினைத்துத்தான் அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

அவள் ஆப்பை அடியிலிருந்து எழுதியவள் இல்லை. அதற்கென்று ஒரு பிளாட்பார்ம் இருக்கிறது. ரயில் பிளாட்பார்ம் என்று நினைத்துவிடாதீர்கள், இது கம்ப்யூட்டரில் இருப்பது. பட்டன், படம், பட்டியல் எல்லாம் அங்கே தயாராக இருக்கும். தேவையானதை இழுத்து வைத்து ஒட்டிக்கொண்டால் ஆப் தயார். சூளை போட்டுச் செங்கல் சுடாமல், வாங்கிவந்து வீடு கட்டுகிற மாதிரி. அந்தப் பிளாட்பார்மில் மாதத்துக்கு ஒரு புது வசதி வரும். வந்த அன்றைக்கே கிருத்திகா அதைத் தன் ஆப்பில் மாட்டிவிடுவாள். இந்த மாதம் புது நிறம், அடுத்த மாதம் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கிற வசதி. "ஏம்மா, நேத்து இங்க இருந்த பட்டன் இன்னிக்கு எங்க போச்சு? அதுக்கும் உன்ன மாதிரி கால் மொளச்சிடுச்சா?" என்று சிங்காரவேலு கேட்பார். சிரித்துக்கொண்டே இடத்தைக் காட்டிவிட்டு, அடுத்த மாதம் மறுபடியும் மாற்றுவாள்.

ஆனி மாதக் கடைசியில் வந்த வசதி அவளைத் தரையில் நிற்கவிடவில்லை. ஆப்பை இனிமேல் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாமாம். இங்கிலீஷ் சொற்கள் ஒரு வரிசையில் நிற்கும், எதிரில் பிளாட்பார்மே தமிழை நிரப்பித் தரும். பிடிக்காததை நாமே திருத்திக்கொள்ளலாம். இதற்காகத்தானே அவள் இத்தனை நாள் காத்திருந்தாள்! அன்று மேல்சித்தாமூருக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தபின் அந்தச் சமண வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். பட்டினியாகப் படுத்தாள், பசியே தெரியவில்லை.

திருத்துகிற வேலையை மறுநாளும் ஓட்டமும் நடையுமாகத்தான் செய்தாள். ஆப்பில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. சரக்கு தீர்ந்துபோனால் கடைக்காரர் அதை அமுக்க வேண்டும், உடனே ஊர்க்காரர்களுக்கும் தெரிந்துவிடும். அதுவரை அதன்மேல் 'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்று இங்கிலீஷில் இருந்தது. பிளாட்பார்ம் அதற்கு 'கையிருப்பில் இல்லை' என்று கொடுத்தது. பொத்தானுக்குள் அது அடங்கவில்லை. முன்பாதியை வெட்டினாள். 'இல்லை' என்பது மட்டும் நின்றது, அழகாக அடங்கியது. சரி என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

தமிழ் வந்ததும் கிராமங்களில் ஒரே கொண்டாட்டம். "இப்பதான் பாப்பா இது எங்க ஆப்பு," என்று உண்ணாமலை கிருத்திகாவிடம் போனில் சொன்னாள். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை இரண்டு மடங்காயிற்று. சிவப்புப் பொத்தானை மட்டும் ஒரு கடைக்காரரும் அமுக்கவில்லை. கணக்கில் அது தினமும் சைபராக நின்றது. ஆடிப் பட்டத்துக்குக் கடைக்காரர்கள் சரக்கை நிறைய இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒரு கடையில் நுழைந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். அவளுக்கு ஏது நேரம்? பேசினால் தேடித்தருகிற வசதி அதற்குள் வந்துவிட்டது, அதை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடியில் ஒரு நல்ல மழை பெய்தது. மறுநாள் மத்தியானம் உண்ணாமலை மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தாள். கால் முழுக்கச் சேறு காய்ந்திருந்தது.

"வா அக்கா, உக்காரு. தண்ணி குடி."

"தண்ணி கெடக்கட்டும். இன்னா போட்டு வெச்சிருக்க நீ இதுல? மூணு கடையில வெத மல்லாட்ட இருக்குதுன்னு காட்டுது. ஆளுங்கள வெதைக்க எறக்கிட்டு, பத்தாத ரெண்டு மூட்டைய வாங்கிக்கலாம்னு ஓடியாந்தேன். ஒரு கடையில கூட இல்ல."

"இல்லியா?"

"சிங்காரவேலு கடையில, லாரி வந்துகிட்டே இருக்குது, உக்காரும்மான்னாரு. உக்காந்தேன். இன்னும் வந்துகிட்டேதான் இருக்குது. அங்க ஆளுங்க கைய கட்டிகினு நிக்கிறாங்க. காத்து அடிக்கிற அடிக்கு நாளைக்கு ஈரம் நிக்குமா? பாதி கழனி தரிசாத்தான் கெடக்கும்." சட்டென்று அவள் குரல் இறங்கியது. "காலைலயே இல்லன்னு தெரிஞ்சிருந்தா உங்க நைனாகிட்ட கேட்டு வாங்கியிருப்பேன், பாப்பா. உங்க வீட்ல இல்லாத வெதையா?"

கிருத்திகாவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக் கூடத்தில் விதை மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. தினமும் காலையில் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் பஸ்ஸுக்கு ஓடிவருகிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் உண்ணாமலை போனை எடுத்து அவள் கண்முன்னாலேயே ஆப்பை அழித்தாள். "குழுவுலயும் சொல்லிடறேன்," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.

கிருத்திகா நேரே சிங்காரவேலு கடைக்கு ஓடினாள்.

"ஏண்ணா, வெத தீந்து எத்தினி நாளாச்சு?"

"நாலஞ்சு நாளு ஆகுது. லாரி வரணும்."

"அப்ப அந்த செவப்பு பட்டன அமுக்க வேண்டியதுதானே? முன்னல்லாம் டக்கு டக்குனு அமுக்குவீங்களே!"

சிங்காரவேலு தராசைத் துடைத்துக்கொண்டே அவளை ஒரு மாதிரி பார்த்தார். "முன்ன அது இங்கிலீஷுல ஏதோ இருந்துச்சு, அமுக்கினோம். இப்ப நீ இல்லன்னு எழுதி வெச்சிருக்க. வெளக்கேத்திட்டு, கல்லாப்பெட்டிக்கு முன்னால உக்காந்துகிட்டு, எவனாவது தன் வாயால இல்லன்னு சொல்லுவானா? எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் கடையில அந்த வார்த்த வந்ததில்லம்மா. நான் மட்டுமில்ல, போய்க் கேளு, ஒருத்தனும் அமுக்க மாட்டான்."

போய்க் கேட்டாள். பாத்திரக் கடைக்காரர் சிரித்தார். மளிகைக் கடை ராஜாங்கம், "உப்ப போயி இல்லன்னு சொல்லச் சொல்றியா?" என்று கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். அவளுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அவள் அம்மா மட்டும் என்ன? அரிசிப் பானை காலியானால் 'அரிசி வாங்கணும்' என்பாளே தவிர அந்தச் சொல்லை வாயில் எடுத்ததே கிடையாது. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு, பொத்தானுக்குள் அடங்கவில்லை என்று வெட்டினாளே! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பவும் சிங்காரவேலுவிடம் வந்தாள். வார்த்தையைத்தானே மாற்ற வேண்டும், இப்போதே மாற்றிவிடலாம் என்று அவசரம். "'வந்துடும்'னு போட்டா அமுக்குவீங்களா?"

"பேஷா அமுக்குவேன். வரத்தானே போவுது," என்றார் அவர்.

போனை எடுத்துச் சொல்லை மாற்றவும் ஆரம்பித்துவிட்டாள். பாதியில் விரல் நின்றது. உண்ணாமலையை மத்தியானம் வரைக்கும் உட்காரவைத்தது அந்த 'வந்துடும்'தானே? கடைக்காரர் நேரில் சொன்னதையே ஆப்பும் சொல்வதாக இருந்தால் ஆப் எதற்கு? பழையபடி இங்கிலீஷுக்கே போய்விடலாமா என்றால், 'இப்பதான் இது எங்க ஆப்பு' என்று சொன்னவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? பிளாட்பார்மில் இத்தனை வசதி இருக்கிறது, இதற்கு ஒரு வசதி கிடையாது.

இரண்டு நாள் அவளால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. சிங்கவரத்தில் குழுவே ஆப்பை அழித்திருந்தது, எண்ணிக்கை சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து பழைய மேனேஜர் போன் செய்தார், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பாவிடம் சொல்லி, விதை மூட்டை இரண்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சிங்கவரம் போனாள்.

கழனியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பக்கம் விதைத்திருந்தது, மறுபக்கம் மண் வெளுத்துக் கிடந்தது. விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வரப்பில் நின்ற உண்ணாமலை மூட்டைகளையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.

"இத இப்ப வெச்சி இன்னா பண்றது? அடுத்த மழ வந்தா பாக்கலாம். அங்க எறக்கு."

"அக்கா, கடைக்காரங்க அந்த வார்த்தைய அமுக்க மாட்டேங்கிறாங்க. அபசகுனமாம்."

"அவங்க எப்படி அமுக்குவாங்க? கட வெச்சவங்க வாயில அது வராது. எனக்குத் தெரியாதா? அதுக்காகத்தானே உன் ஆப்ப பாத்துட்டு வந்தேன். உனக்கு இன்னா கேடு? நீயா கட வெச்சிருக்க? உன் வாயில வராதா?"

கிருத்திகா வரப்பிலேயே அங்குமிங்கும் நடந்தாள். பிறகு ஆட்டோக்காரரை வண்டி எடுக்கச் சொன்னாள்.

மறுநாளே கடைக்காரர்களிடமிருந்து அந்தச் சிவப்புப் பொத்தானை எடுத்துவிட்டாள். அது அவள் போனில் மட்டும் இருந்தது. காலையில் பஸ் விட்டு இறங்கியதும் கடை கடையாக ஏறி, சரக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு, தீர்ந்ததை அவளே அமுக்குவது என்று ஏற்பாடு. சிங்காரவேலு முகத்தைச் சுளித்தார். வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "பாரு, எண்ணு, இன்னா வேணா பண்ணு. ஆனா எங்கடக்குள்ள நின்னுகிட்டு அத அமுக்கக் கூடாது. ரோட்ல எறங்கி நின்னு அமுக்கு." மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அதனால் தினமும் காலையில் கடைத்தெருவில் ஒரு பெண் கடைக்குள் நுழைவதும், உடனே படியிறங்கி நடுத்தெருவில் நின்று போனை அமுக்குவதுமாக இருந்தாள். பின்னால் வருகிற ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

முதல் சில நாள் அவளுக்கே கட்டைவிரல் வரவில்லை. அம்மாவின் முகம் வந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டுதான் அமுக்கினாள். சிங்கவரத்திலிருந்து மட்டும் யாரும் ஆப்பைத் திரும்ப ஏற்றவில்லை. அடுத்த மழை வந்தது, உண்ணாமலை மிச்சக் கழனியை விதைத்தாள் என்று கேள்விப்பட்டாள். போன் வரவில்லை.

புரட்டாசியில் மல்லாட்டைக் காய் திரள ஜிப்சம் போடுகிற சமயம். அன்று காலை சிங்காரவேலு கடையில் ஜிப்சம் அடுக்குகிற மூலை காலியாக இருந்தது. "லாரி வந்துகிட்டு இருக்குது," என்றார் அவர். கிருத்திகா தெருவில் இறங்கி அமுக்கினாள். அடுத்த கடைப் படி ஏறுவதற்குள் போன் அடித்தது. உண்ணாமலை.

"உன் ஆப்ப நேத்துதான் திரும்ப ஏத்தினேன். சிங்காரவேலு கடையில ஜிப்சம் இல்லன்னு போட்டிருக்குதே, நெசமா?"

"நெசம்தான்க்கா. நானே பாத்துட்டு இப்பதான் வெளிய வந்தேன்."

"நான் பஸ் ஸ்டாப்புலதான் நிக்கிறேன். லாரி வந்துடும்னு அவரு சொல்லியிருப்பாரே?"

கிருத்திகா திரும்பிப் பார்த்தாள். சிங்காரவேலு வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாரு. ஆனா இல்லக்கா. நீ வராத," என்றாள், அவர் காதில் விழுகிற மாதிரியே.

"சரி பாப்பா. நீ இல்லன்னு சொன்னா இல்லதான். நான் திண்டிவனம் பஸ்ஸுல ஏறிக்கிறேன்."

போன் கட்டானது. சிங்காரவேலு உள்ளே போய்விட்டார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, கிருத்திகா ஒதுங்கி அடுத்த கடைக்கு நடந்தாள்.