ஆவணியில் திறந்த பார்

புனேவில், மகர்பட்டாவில், பதினோராவது மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறேன். ஆறு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, ‘அப்புறம்?’ என்று கேட்ட வெளியாள் ஒருவர்கூட இல்லை. பார்சல்காரர்கள் வாசலோடு போய்விடுவார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் சமையலறை வரை வருவார், உட்கார மாட்டார். மனைவியும் மகளும் கூட இருந்தவரை இது எனக்கு உறைக்கவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் மனைவிக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. மகளும் அங்கேயே பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். நான் இங்கே வேலையைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கிடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் குக்கர் விசிலடித்தால் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் குடி ஒரு பெரிய விஷயமில்லை. மாதத்துக்கு இரண்டு பெக் போனால் அதிகம். ஆனால் திங்கட்கிழமை ஆபீசில் பேச்சைக் கேட்டால் எல்லோரும் சனிக்கிழமை யார் வீட்டிலோ உட்கார்ந்திருப்பார்கள். ‘உட்கார்ந்தோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். என் வீட்டில் மட்டும் யாரும் உட்கார்ந்ததில்லை. சரி, உட்கார ஓர் இடம் செய்துவிட்டால் வந்து உட்காருவார்கள் என்று தோன்றியது. இன்ஜினியர் மூளை, வேறெப்படி யோசிக்கும்!

மகள் காலி செய்துவிட்டுப் போன அறையில் ஒரு பார் வைப்பது என்று முடிவு செய்தேன். இணையத்தில் பார்த்தால் கடற்கொள்ளைக்காரன் பார், ஹவாய்த் தீவு பார் என்று என்னென்னவோ. எனக்கு அதெல்லாம் ஒட்டவில்லை. ரயில் பெட்டி மாதிரி செய்யலாம் என்று நினைத்தேன். நம் ஆட்கள் எதிர் ஃப்ளாட்காரனிடம் பேச மாட்டார்கள், ரயிலில் எதிர் சீட்டுக்காரனிடம் பெண்ணின் ஜாதகம் வரைக்கும் சொல்வார்கள். எதிரெதிராக இரண்டு நீல சீட், நடுவில் ஒரு சின்ன மேஜை, ஒரு ஜன்னல். இது போதும், பேச்சு தானாக வரும்.

கையை ரொம்பக் கடிக்காமல் செய்ய வேண்டும். இரண்டு ஊரில் குடித்தனம் நடத்துகிறவனுக்கு ஆடம்பரம் கட்டுப்படியாகாது. ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜாரில் பழைய சாமான் குவித்து விற்பார்கள். அங்கே ஒரு ரயில் ஜன்னல், ஷட்டரோடு, துருப்பிடித்துக் கிடந்தது. பேரம் பேசி வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். துரு என் வெள்ளைச் சட்டையை ஒரு வழி பண்ணிவிட்டது. வீட்டில் கிடந்த இரண்டு மரப்பெட்டிகளுக்கு மேல் ஸ்பாஞ்சும் நீல ரெக்சினும் அடித்து சீட்டாக்கினேன். பாட்டில் வைக்க மனைவி விட்டுப்போன ஸ்டீல் ஷெல்ஃப். அதற்குப் பக்கத்தில் பழைய இரும்பு விளக்கு ஒன்றை மாட்டி, பழைய குண்டு பல்பைப் போட்டு, ஜன்னலுக்குத் திரையும் கட்டினேன். அடடா, என்று நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

அரைமணி நேரத்தில் கருகல் வாசனை வந்தது. திரையின் ஓரம் பழுப்பாகியிருந்தது. பதறிப்போய் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். நரைத்த மீசைக்காரர், ஒல்லி, பேச்சு மட்டும் கனம். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்:

“சாஹேப், குடிக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு ஏறிடுச்சா? துணிக்குப் பக்கத்துல இவ்ளோ சூடான பல்பு, கீழ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அது மேலயே ஐஸ் பக்கெட். ஷெல்ஃப் சுவத்துல நிக்கல, சும்மா சாஞ்சிருக்கு. வர்றவன் உசுரோட திரும்பணுமா வேண்டாமா?”

எனக்குச் சுருக்கென்றது. வருகிறவனைப் பற்றித்தானே இத்தனை பாடு! அவர் சொன்னபடியெல்லாம் செய்தேன். வீட்டுச் சொந்தக்காரரிடம் கெஞ்சி, சுவரில் இரண்டே இரண்டு ஓட்டை போட அனுமதி வாங்கினேன். ஷெல்ஃபை கிளாம்ப் போட்டு இறுக்கினார். பாட்டில்கள் மேல்தட்டிலிருந்து அடித்தட்டுக்கு வந்தன, விளிம்பில் ஒரு கம்பி ஓடியது. குண்டு பல்பு போய் சூடாகாத எல்.ஈ.டி. வந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஐஸ் இருக்கும் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று எதிர்ச்சுவருக்குப் போனது. வேலை முடிந்ததும், “கொஞ்ச நேரம் உட்காருங்க, டீ போடறேன்” என்றேன். நாலு வீடு பாக்கி இருக்கிறது என்று ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

கோயம்புத்தூருக்கு வீடியோவில் காட்டினேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே ரயிலுட்டுட்டீங்களா? டிக்கெட் நீங்களே கிழிப்பீங்களா?”

“நக்கல் பண்ணாத அம்மிணி. நாலு பேரு வந்து போகட்டும்னுதான்.”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “வரட்டுமுங்க, நல்லதுதான். ஆனா இது ஆடி, புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை அமாவாசை, மாமாவுக்குத் தர்ப்பணம் குடுக்கோணும். மறந்துபோடாதீங்க.”

மாமா என்றால் என் அப்பா. அவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் எப்படி மறப்பேன்?

மறுநாள் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரனிடம் பார் விஷயத்தைச் சொன்னேன். மராட்டிக்காரன், என் வயதுதான், ஆறு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் இந்தியில்தான் பேசுவோம், பெரும்பாலும் வேலையைப் பற்றி. அவன் முகம் மலர்ந்தது.

“அரே, ஞாயித்துக்கிழமை கட்டாரி! அன்னைக்கே திறந்துடு. டீம் மொத்தமும் வரும். மட்டன் நான் கொண்டு வரேன்.”

கட்டாரி என்றால் இங்கே ஆடுகோழி தின்று வயிறுமுட்டக் குடிக்கிற நாள் என்பது தெரியும். அது ஏன் அந்த நாளில் வருகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது அமாவாசையன்றே வந்து நின்றால் நான் என்ன செய்ய? காலையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுச் சாயங்காலம் மட்டனும் விஸ்கியுமா?

“அன்னைக்கு முடியாது. எங்களுக்கு அது அப்பா அம்மாவை நினைக்கிற நாள். ஆவணி பொறந்ததும் முதல் சனிக்கிழமை வெச்சுக்கலாம். எங்களுக்கு எல்லாம் ஆரம்பிக்க நல்ல மாசம்.”

“அந்த சனிக்கிழமையா?” என்று இழுத்தான்.

“ஆமா, அன்னைக்கேதான்.”

“சரி, உன் இஷ்டம்.”

டீம் நால்வரும் இருக்கிற குரூப்பில் ‘சனிக்கிழமை ஆறு மணி, என் வீட்டில் டிரிங்க்ஸ்’ என்று போட்டேன். வரிசையாகக் கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலை நம்பி மூன்று கிலோ ஐஸுக்குச் சொல்லி, வேர்க்கடலை மசாலாவுக்கு வெங்காயம் நறுக்கி, கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு, எத்தனை பேர் என்று சும்மா கேட்டுவைத்தேன். அப்போதுதான் விழுந்தன பதில்கள்.

‘ஷ்ராவண் நடக்குதே, நண்பா.’

‘ஷ்ராவண்ல தொட மாட்டேன். கணபதி முடியட்டும், பாக்கலாம்.’

‘நல்லா இருக்கட்டும், என்ஜாய்!’

அடச்சே! கட்டாரிக்கு மறுநாள் அவர்களுக்கு ஷ்ராவண மாதம் பிறக்கிறது. ஒரு மாதம் விரதம், அதனால்தான் முதல்நாள் அந்தக் குடி. ஆடி போகட்டும் என்று நல்ல நாள் பார்த்து நான் காத்திருந்ததெல்லாம், ஊரே குடிக்காத மாதத்தின் நட்டநடுவில் வந்து பாரைத் திறக்கத்தான். ஆபீஸ் கேன்டீனில் வருஷாவருஷம் இந்த மாதம் விரதக்காரர்களுக்கென்று ஜவ்வரிசிக் கிச்சடி போடுவார்கள். நானும் ஏன் எதற்கென்று கேட்காமல் தட்டுத் தட்டாகத் தின்றிருக்கிறேன். மண்டையில் அடித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு மனைவி கூப்பிட்டாள். “ஏனுங்க, எல்லாரும் வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க.”

“சத்தமே கேக்கலீங்களே?”

எழுந்துபோய் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். “இப்ப கேக்குதா? அப்புறம் பேசறேன், எல்லாரும் உக்காந்திருக்காங்க.” போனை வைத்துவிட்டு நீல சீட்டில் உட்கார்ந்தேன். எதிரே இன்னொரு நீல சீட். நாற்பத்தைந்து வயசு ஆம்பளை, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐஸ் பக்கெட்டில் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தன.

ஆறரைக்கு மணி அடித்தது. பக்கத்து சீட்டுக்காரன் நின்றுகொண்டிருந்தான். சட்டை தோளில் மழையில் நனைந்திருந்தது.

“நீயும் ஷ்ராவண்தானே?” என்றேன்.

“ஆமா. இன்னைக்கு உபவாசம் வேற. நீ கூப்பிட்டே, வந்தேன்.”

கொக்கம் பழ சர்பத் கலந்து கொடுத்தேன். சீட்டில் அழுத்தி உட்கார்ந்து பார்த்தான், மேஜையைத் தட்டினான், ஜன்னலைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். ஷட்டரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேனாம். அவனே எழுந்து கழற்றி நேராக மாட்டினான். அதன் பிறகு பேசினோம், வேலையைப் பற்றி இல்லாமல். அவன் மகனுக்குக் கணக்கு வரவில்லை. என் மகளுக்கு என்னோடு போனில் பேச்சே வரவில்லை. எனக்கு உள்ளே என்னவோ லேசாகி, வாயைக் கொடுத்துவிட்டேன்.

“ஆறு வருஷம் ஆச்சு. உங்க ஊர்க்காரங்க ஒருத்தராவது என் வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்ததுண்டா? நீதான் முதல் ஆள்.”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“எங்க வீட்டு கணபதிக்கு நீ எத்தனை தடவை வந்திருக்கே?”

வருஷாவருஷம் கணபதிக்கு, அதாவது நம் விநாயகர் சதுர்த்திக்கு, முன்னால் என் சீட்டுப் பக்கம் திரும்பி, ‘வீட்டுக்கு வா, தரிசனத்துக்கு’ என்பான். ‘பாக்கலாம்’ என்பேன். எங்கள் பக்கம் ஒருவரை வீட்டுக்கு அழைப்பதென்றால் மூன்று தடவை சொல்லி, வராவிட்டால் கோபித்துக்கொள்வேன் என்று மிரட்டி, அன்று காலை மறுபடியும் போன் போடுவார்கள். இவன் ஒருமுறைதான் சொல்வான். அதனால் அதை ஒரு மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

“முதல் வருஷம் அம்மா உனக்குன்னு மோதகம் தனியா எடுத்து வெச்சிருந்தா,” என்றான். குரலில் கோபமில்லை, இருந்திருந்தால் தேவலை. “ஆரத்தி முடிஞ்சும் கதவைச் சாத்த விடல, அந்த மதராசிக்காரர் வருவார்னு. ரெண்டாவது வருஷமும் கேட்டா. இப்பல்லாம் கேக்கறதில்ல.”

பிறகும் கொஞ்ச நேரம் எதையெதையோ பேசினோம். ஏழேகாலுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தான். லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டும், வீட்டுக்குப் போய்த்தான் விரதம் முடிக்க வேண்டும் என்றான். லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். லிஃப்ட் வரும்வரை என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டேன்:

“உன் வீடு எங்க இருக்கு?”

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். ஆறு வருஷம் ஒரு முழங்கை தூரத்தில் உட்கார்ந்திருந்தவன் கேட்கிற கேள்வியா இது!

“தளேகாவ்,” என்றான்.

தளேகாவ் புனேவின் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. லோக்கலில் ஒரு மணி நேரம், அப்புறம் மழையில் ஆட்டோ. வெறும் வயிற்றோடு அத்தனை தூரம் வந்து, ஒரு டம்ளர் சர்பத் குடித்துவிட்டு, இனி அத்தனை தூரம் திரும்பிப் போக வேண்டும். லிஃப்ட் வந்தது, உள்ளே போய் நின்றான். கணபதிக்கு மூன்று வாரம் இருந்தது. வா என்று அவன் சொல்லவில்லை. வரட்டுமா என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.