அம்மாவின் இடுப்புக்குப் பன்னிரண்டு முழம்

தம்பி பிறந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் அம்மாவின் இடுப்பைப் பற்றித்தான் பேசினார்கள். பேசாதவள் அம்மா ஒருத்திதான். பிள்ளை பெற்று மூன்று மாதமாகியும் அவளால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். வயிறு வேறு சரிந்து கிடந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு இல்லை, வயிற்றுச் சதை தளர்ந்திருக்கிறது, நல்லதாக ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு தினமும் கொஞ்சம் நட, படுக்கும்போது அவிழ்த்துவிடு என்று சொல்லி அனுப்பினாள். எது நல்ல கட்டு என்று அவள் சொல்லவில்லை. அங்கேதான் வந்தது வினை.

எனக்கு அப்போது எட்டு வயது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் எங்கள் ஊர். எங்களுக்கு இரண்டு காணி நிலம், ஒரு ஜோடி மாடு, ஓர் அத்தை. அத்தை அப்பாவுக்கு மூத்தவள், அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். படுக்க மட்டும் தன் வீட்டுக்குப் போவாள். அதிகாரம் பண்ண எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்பா ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர். அத்தை முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

முதல் கட்டு அத்தையுடையது. பிள்ளை பெற்றவளுக்கு வழக்கமாகக் கட்டுகிற பழைய வேட்டிதான். அம்மாவைச் சுவரோடு நிறுத்தி, முழங்காலால் முட்டுக்கொடுத்து, நெல் மூட்டையைக் கட்டுவதுபோல் நடுவயிற்றில் இறுக்கினாள். அம்மா ஒருமுறை குனிந்து நிமிர்ந்தாள். வேட்டி விலாவுக்கு ஏறிவிட்டது. அன்று இரண்டு வாய்ச் சோறுகூட அவளுக்கு உள்ளே இறங்கவில்லை.

இரண்டாவது அப்பாவுடையது. யாரிடமும் சொல்லாமல் மெட்ராஸுக்கு ரயிலேறிப் போய், பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒரு பெல்ட் வாங்கிவந்தார். பட்டாளத்துச் சரக்கு. தடித்த கித்தான், உள்ளே இரும்புப் பட்டைகள், முதுகுப் பக்கம் நாலு பக்கிள். ஏதோ வெள்ளைக்காரச் சிப்பாயின் இடுப்புக்குத் தைத்தது. அம்மாவோடு என்னையும் உள்ளே வைத்துப் பூட்டலாம். அளவு தெரிந்துகொண்டு போயிருக்கலாமே என்றால், பெண்டாட்டியிடம் இடுப்பளவு கேட்கிற ஆண்பிள்ளை அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கிடையாது. அம்மா அதை மடித்துத் தைத்துப் போட்டுப் பார்த்தாள். நிற்கும்போது ஜோராகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் இரும்பு விலாவில் குத்தியது. பூட்ட ஓர் ஆள், கழற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆனாலும் அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. தன் கூறைப்புடவை இருந்த பெட்டியில் மடித்து வைத்தாள்.

அதற்குள் அத்தையின் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

“ஒடிஞ்ச ஏர வெச்சிக்கினு எத்தினி நாளு உழுவே? கருங்குழியில ஒரு பொண்ணு கீது. இல்லாதப்பட்டவங்க. ரெண்டாந்தாரம்னாலும் குடுப்பாங்க” என்றாள் அப்பாவிடம்.

ரெண்டாந்தாரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு ஓர் அக்கா வரப்போகிறாள், என்னோடு தாயம் ஆடுவாள் என்கிற அளவுக்குப் புரிந்துகொண்டு சந்தோஷப்பட்டேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக நான் பிற்காலத்தில் அவரிடம் நிறையவே சண்டை போட்டிருக்கிறேன்.

கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் பெண் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிடிக்காவிட்டால், சாமி கும்பிட வந்தோம், போனோம் என்று இருந்துவிடலாம். தை மாதத்தில் ஒரு நாள், திருக்கழுக்குன்றத்து மலைமேல், உச்சிப்பொழுதில் கழுகுகள் சோறு தின்ன வருகிற நேரத்தில் பார்ப்பதென்று அத்தை முடிவு செய்தாள். “அவளும் வரட்டுமே” என்று அப்பா மெல்ல இழுத்தார்.

“வரட்டுமே! அவ படியேறி மேல வந்துட்டாள்னா இந்தப் பேச்சயே உட்டுடறேன். போதுமா?”

ஐந்நூறு படிக்குமேல் செங்குத்தான மலை. அம்மா சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டும் அவள் கை நிற்கவில்லை.

மூன்றாவது கட்டு மாமாவோடு வந்தது. அம்மாவுக்கு இளையவர், மாமல்லபுரத்தில் சிற்பிகளுக்குக் கல் தூக்குகிற வேலை. தம்பியைப் பார்க்க வந்தவரிடம் அம்மா என்ன சொன்னாளோ, அவர் தன் இடுப்பிலிருந்து ஒரு துணியை மளமளவென்று அவிழ்த்தார். ஒன்றரைச் சாண் அகலம், பன்னிரண்டு முழ நீளம், முரட்டுத் தறித்துணி. கல் தூக்குகிறவர்கள் எல்லோரும் அங்கே இப்படித்தான் கட்டிக்கொள்வார்களாம். ஒரு முனையை நிலைக்கதவில் கட்டினார். மறுமுனையை அம்மா இடுப்பெலும்புக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள். துணியை விறைப்பாக இழுத்தபடி அவளே சுற்றிச் சுற்றிக் கதவை நோக்கி வந்தாள்.

“கீழேர்ந்து மேல வாக்கா. ஒவ்வொரு சுத்துக்கும் மூச்ச வெளிய வுடு. கடசீல ஒரு விரலு உள்ள போவணும். ரெண்டு விரலு போச்சின்னா அவுத்துட்டு மறுபடி சுத்து” என்றார் மாமா.

அம்மா கிணற்றில் ஒரு வாளி இறைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், தம்பியைத் தூக்கினாள், வேண்டுமென்றே பெரிதாக ஒரு தும்மல் போட்டாள். துணி அசையவில்லை. எவர் தயவும் இல்லாமல் தானே கட்டலாம், தானே அவிழ்க்கலாம். “இதான்டா” என்றாள். அவள் அவ்வளவு தெளிவாக ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டதை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றிலிருந்து தினம் விடியற்காலையில் புடவைக்குமேல் அதைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தாள். முதல் வாரம் மதகுவரைக்கும் போனாள். இரண்டு மாதத்தில் ஏரியையே சுற்றினாள். மாட்டை மேய்ச்சலில் கட்டப் போகிறாள் என்று அத்தை நினைத்துக்கொண்டாள்.

அந்த நாள் வந்தது. மலையடிவாரத்தில் அம்மா, நான், தம்பி மூவரையும் வண்டி நிழலில் உட்காரவைத்துவிட்டு அப்பாவும் அத்தையும் ஏறினார்கள். அவர்கள் முதல் வளைவில் மறைந்ததும் அம்மா எழுந்தாள். “வாடி” என்றாள்.

டோலிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாதி மலை வரைக்கும் நன்றாகத்தான் ஏறினோம். அங்கே தம்பி பசியில் அலற, ஒரு மண்டபத்தில் ஒதுங்கிப் பால் கொடுத்தாள். அதற்காகத் துணியைத் தளர்த்த வேண்டியிருந்தது. திரும்பக் கட்ட வேண்டுமே, நிலைக்கதவுக்கு எங்கே போவது? கல்தூண் இருந்தது. தம்பியை என் மடியில் போட்டுவிட்டு, துணியைத் தூணில் முடிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ‘ஹூ... ஹூ...’ என்று மூச்சை விட்டாள். மூன்றாவது சுற்றில் கொண்டை அவிழ்ந்து கூந்தல் பறந்தது.

படியேறிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பார்த்தாள். “ஐயோ, சாமி வந்துட்சிடீ!” என்று கத்தினாள்.

அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் மண்டபம் நிறைந்துவிட்டது. நெற்றி நிறைய விபூதி, காலில் மஞ்சள் தண்ணீர், கையில் எலுமிச்சம்பழம். அம்மா கடைசிச் சுற்றை முடித்து, ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

“சாமியும் வர்ல, பூதமும் வர்ல. இடுப்புக்குத் துணி கட்டிக்கினேன். வழி வுடுங்க” என்றாள்.

“சாமி எப்பவும் இப்டித்தாம்மா மறைச்சிப் பேசும்” என்று ஒரு கிழவர் எல்லோருக்கும் விளக்கினார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். பின்னால் அரோகரா முழக்கம். அதற்குப் பின்னால், எனக்கும் கொஞ்சம் சாமி வந்த மாதிரி, நான்.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே மலையுச்சிக்குப் போய்விட்டது. ஏறி வருகிற தெய்வத்திடம் இந்தச் சம்பந்தம் கூடுமா என்று குறி கேட்டுவிடலாம் என்று, அத்தை தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு முதல் ஆளாக நின்றிருந்தாள். கூட்டம் விலகியது. நிமிர்ந்த முதுகோடு கடைசிப் படியில் வந்து நின்றது அவள் தம்பி பெண்டாட்டி.

ஏற்றிய கற்பூரத்தை ஊதி அணைக்க முடியாது. அத்தனை பேர் பார்க்கிறார்கள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினாள். அம்மா அதைப் பொறுமையாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “படியேறி வந்துட்டேன் அண்ணி” என்றாள். அப்பா எங்கிருந்தோ ஓடிவந்து தம்பியை வாங்கிக்கொண்டார். வாயில் கொழுக்கட்டை இல்லை. “நாங்க சாமி கும்ட வந்தோம், கும்ட்டுட்டுப் போறோம்” என்று கருங்குழிக்காரர்களைப் பார்த்துக் கைகூப்பினார். அப்போதுதான் கழுகுகள் இரண்டும் வந்து சோறு தின்றன. யாரும் கவனிக்கவில்லை.

பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் கருங்குழிக்காரர் கூட்டத்திலிருந்து அம்மாவிடம் வந்தாள். பதினாறு வயது இருக்கும். அம்மாவின் இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் கையைக் கோர்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவள் சொன்னது என்ன என்பதை என் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் அம்மா எனக்குச் சொன்னாள்: “நீ எப்டியாவது ஏறி வந்துடணும்னு நேத்துலேர்ந்து நான் வேண்டாத சாமி இல்லக்கா.”

அன்று அது எனக்குத் தெரியாது. அந்த அக்கா நம் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று அப்பா சொன்னதும், பாவம், அவள் அழுவாள் என்று நினைத்து நான் அழுதேன். இறங்குகிற வழியில் எட்டிப் பார்த்தால், அவள் தன் அப்பனையும் உறவையும் பின்னால் விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். வேண்டாமென்று சொல்லி அனுப்பப்பட்டவளுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை.